கொலைகாரன் யாரென்று தெரிந்தும் படிக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை வாசகர் சந்திப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘முடிவு தெரிந்த துப்பறியும் நாவலையே மறுபடி படிக்கிறீர்களே, வேறு வேலை இல்லையா?’ என்று நண்பர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நல்ல துப்பறியும் நாவலை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உண்மையில் படிக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன், கேட்பதற்கு ஆளில்லை.

அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்டு’ நாவலைப் படிக்காதவர்கள் தயவுசெய்து இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கதையைச் சொல்லும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். பிணத்தைக் கண்டதும், போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லும்படி பட்லர் பார்க்கரை அனுப்பிவிட்டு, செய்ய வேண்டியிருந்த கொஞ்சத்தைத் தாம் செய்ததாக அவர் எழுதுகிறார். முதல்முறை படித்தபோது, ஏதோ மருத்துவருக்குரிய காரியம் என்று நினைத்து அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போதோ, செத்தவர் இன்னும் உயிரோடிருப்பதாக நம்பவைக்க அவர் குரலை ஒலிக்கச் செய்த டிக்டஃபோன் என்ற குரல்பதிவுக் கருவி டாக்டரின் பைக்குள் போவதும், அதை மறைத்திருந்த நாற்காலி சுவரோரம் தள்ளப்படுவதும் தெரிகின்றன. அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இதை முதல் வாசிப்பிலேயே ரசித்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்துவிடுவேன் என்று, முதன்முதலில் இந்த நாவலைத் தந்த என் அக்கா இறுதி அத்தியாயங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள். ஊர் வம்பெல்லாம் அறிந்த, ஷெப்பர்டின் அக்கா கேரலைனுக்கு, கூடவே இருக்கும் தம்பியைப் பற்றி மட்டும் தெரியவில்லையே என்று இந்த முறை மனம் கனத்ததற்கு என் அக்காவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதிரை மட்டும் தேடிய வயதில் கேரலைன் எனக்குச் சிரிப்புப் பாத்திரம்தான்.

டிக்டஃபோன் தந்திரம் நம்பும்படி இல்லை என்பீர்கள், சரி, இல்லைதான். 1945இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் இந்த ஆக்ராய்டைக் கொன்றவர் யாராக இருந்தால் யாருக்கென்ன என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார் என்றும் நண்பர் எடுத்துக்காட்டினார். எழுதட்டும். கம்பராமாயண முற்றோதலுக்குப் போகிறவரிடம் ‘ராவணன் செத்துவிடுவான், தெரியுமல்லவா?’ என்று நண்பர் கேட்பாரா? மாட்டார். மர்ம நாவல் வாசகர் என்றால் மட்டும் எல்லோருக்கும் இளக்காரம். இத்தனை ஆண்டுகள் கூட உட்கார்ந்து படித்தவர்களும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

என்னிடமிருந்து வாங்கிப்போன கிறிஸ்டி நாவல்கள் இரண்டு அந்த நண்பரின் அலமாரியில்தான் இருக்கின்றன. ஒருமுறை படித்தாயிற்று, இனி அவருக்கு அவை தேவைப்படாது. அடுத்த சந்திப்புக்கு எடுத்து வந்துவிடலாம்.