உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்லட்டுமா?

"ஏதாவது நல்ல புத்தகம் இருந்தா சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டுவிட்டால், அன்றைக்கு எனக்கு வேறு எதிலும் மனசு நிற்காது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினால், அடிவாரம் தாண்டி மேலே போய்ச் சேரும்வரை கேட்டவரைப் பற்றித்தான் யோசனை. என்ன வேலை செய்கிறார், எந்த நேரத்தில் கை ஓய்கிறது, எதைப் பாதியில் மூடி வைத்தார், எந்தப் பேச்சு வந்தால் குரல் உயர்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய ஒரு புத்தகம் நினைவுக்கு வரும், போகும், இன்னொன்று வரும். கடைசியில் ஒன்று நிலைக்கும் பாருங்கள், அந்தச் சந்தோஷம் தனி. அந்தப் புத்தகத்தை நானே முதல் தடவை படித்தபோது கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றுகூடச் சொல்வேன்.

படிக்க வேண்டிய நூறு நாவல், தவறவிடக் கூடாத ஐம்பது கட்டுரைத் தொகுப்பு என்றெல்லாம் பட்டியல்கள் வருகின்றன. வரட்டும், அவையும் வேண்டும். படிக்கத் தொடங்கிய காலத்தில் அப்படிப்பட்ட பட்டியலை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு நூலக அலமாரிகளில் தேடியவள்தான் நானும். ஆனால் பட்டியல் போடுகிறவருக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. படிக்கப்போகிறவர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவரா, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கிறவரா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. புத்தகம் சொல்வதில் பாதிக்கு மேல் ஆளைப் படிக்கிற வேலை என்பது என் கருத்து. நம் ரசனை எவ்வளவு உயர்ந்தது என்று காட்டிக்கொள்ள அது இடமே கிடையாது.

இதைச் சேலத்துக்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். ஏனென்றால், எனக்குத் தெரிந்து தமிழில் நடந்த மிகப் பெரிய புத்தகப் பரிந்துரையைச் செய்தவர் நம் ஊர்க்காரர். சேலம் இராமசுவாமி முதலியார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகிப் போகிறார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்கிறவர் முகத்தில் வியப்பே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் சொல்லிவிடுகிறார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வருகிறது. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? இளம் ஆசிரியர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்' நூலில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முதலில் படிக்கும்போது முதலியார் கொஞ்சம் கர்வக்காரராகத் தெரிவார். நிதானமாகப் படித்தால் ஆள் வேறு. சிந்தாமணியைப் படித்துத் தெரிந்துகொள்ள அவருக்கே ஆசை. சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தவர். எதிரே இருக்கிற இளைஞரிடம் அதற்கான படிப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டார். பிரதியை எடுத்துக் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல் தானும் உட்கார்ந்து பாடம் கேட்டார். சைவ மடத்தில் தமிழ் படித்த ஒருவர் கைக்கு ஒரு சமணக் காப்பியம் வந்து சேர்ந்தது இப்படித்தான். விளங்காத சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார் சாமிநாதையர். 1887இல் சிந்தாமணி அவர் பதிப்பாக அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அப்புறம் நிற்கவே இல்லை.

அந்தாதியும் பிள்ளைத்தமிழும் மட்டமானவை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் ஊறியதால்தான் சிந்தாமணியை அவரால் எட்டிப் பிடிக்க முடிந்தது. பழகிய தடத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒருவரைப் பக்கத்துத் தடத்துக்குக் கூப்பிடுவதுதான் முதலியார் செய்த காரியம். வகை மாற்றிப் புத்தகம் சொல்வதில் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததற்கு அவர்தான் காரணம்.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றி வருகிற வண்டியின் டிரைவர், ஆத்தூர்ப் பக்கத்துத் தம்பி. வீட்டில் காளை வளர்க்கிறார். தை மாதம் கூலமேடு ஜல்லிக்கட்டு நெருங்கினால் பேச்சு, மூச்சு எல்லாம் அதுதான். புத்தகம் என்றால் மட்டும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து முகம் சுருங்கிவிடும். அவருக்கு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கொடுத்தேன். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். தகப்பனைச் சாய்த்த காரிக் காளையை அணைக்க மகன் பிச்சி வாடிவாசல் முன்னால் வந்து நிற்கிறான். காளையின் சொந்தக்காரரான ஜமீன்தார் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவுதான் அவரிடம் சொன்னேன்.

அடுத்த லோடு வந்தபோது மூட்டை இறக்குவதற்கு முன்னாலேயே ஆபீஸ் வாசலில் நின்றார். "அக்கா, இதை எழுதினவரு மாடு புடிச்சவருங்களா?" புத்தகத்தில் ஓரிடத்தில் மூலை மடித்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு, திமிலில் கை எப்படி விழ வேண்டும், உடம்பு எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும், கொம்பு திரும்பும்போது தலை எங்கே இருக்க வேண்டும் என்று ஆபீஸ் நாற்காலியைக் காளையாக வைத்துக்கொண்டு காட்டினார். நான் அந்த நாவலை எப்போதும் பிச்சிக்கும் ஜமீன்தாருக்கும் நடுவில் நடக்கிற கதையாகவே படித்திருந்தேன். ஒருவனுடைய உயிரும் இன்னொருவருடைய கௌரவமும் மோதுகிற இடம் என்றுதான் என் மனதில் இருந்தது. இந்தத் தம்பி அதைக் காளையின் பக்கத்தில் நின்று படித்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து அது மிரள்வதும் நிதானிப்பதும் அவருக்குத்தான் தெரிகிறது. அன்று இரவு வீட்டுக்குப் போய் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வேறு ஒரு புத்தகம் போல இருந்தது. புத்தகம் சொல்கிறவருக்குக் கிடைக்கிற லாபம் இதுதான். இதற்காகவே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

செல்லப்பா தன் பிரசுரங்களைக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் என்பதையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். "அவரும் லோடு அடிச்சிருக்காருன்னு சொல்லுங்க" என்றார், அவ்வளவு மரியாதையோடு.

துப்பறியும் கதை சொல்வதை ஏதோ கீழிறங்கிப் போவதாக நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான் என் சித்தி பையன். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வளையங்களைப் பற்ற வைத்துக்கொண்டிருப்பவன். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவனுக்கு மெதுவான கதை கொடுத்தால் ரெண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவான். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுத்தேன். பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மண்டையை உடைத்துக்கொள்ள, இவன் தூக்கத்தை விட்டான். "என்னக்கா, நல்ல இலக்கியம் கொடுக்கக் கூடாதா" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். களைத்த மனிதனை நடுராத்திரிவரை பக்கம் புரட்ட வைப்பது சின்ன வித்தை இல்லை. சுஜாதா அதைச் சுத்தமான உரைநடையில் செய்தார். அதை முடித்த கையோடு 'என் இனிய இயந்திரா', அதில் வருகிற இயந்திர நாய்க்குட்டி ஜீனோ என்று போய், இப்போது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' அவன் கையில் இருக்கிறது. அவன் கிரிக்கெட் பைத்தியம். செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடுகிற பையனாகத்தான் சந்திரசேகரன் அவனுக்கு அறிமுகமானான். நிஜாம் பக்கத்து ஆயுதப் படையான ரஜாக்கர்களும் ஊரடங்கும் பின்னால் வரும், படித்துக்கொள்வான்.

அதே அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எங்கள் தெரு அக்கா ஒருவருக்குக் கொடுத்தேன். மேட்டூர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் குடிதண்ணீர் வருகிற நாளைக் கணக்கு வைத்துக் குடம் நிரப்பிய தலைமுறை அவர். "இதுல என்ன கதை இருக்கு கண்ணு, நம்ம தெருவுலயே நடக்குதே" என்று திருப்பித் தந்தார். சில நாள் கழித்துக் கோலம் போட்டுக்கொண்டே, "அந்த டீச்சரம்மா மாதிரி ஒருத்தி கூட இருந்தா பொழைச்சுக்கலாம்" என்றார். கதைநாயகி ஜமுனாவைத் தேற்றுகிற அந்த டீச்சரம்மாவைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது தோட்டத்தில் நடந்தது. எங்கள் மேஸ்திரியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பழம் பறிக்கிற சீசனில் லீவு கிடைத்தால் எடை போடுகிற இடத்தில் சீட்டு எழுத வருவாள். "நம்மளை மாதிரி தோட்டத்து ஜனங்களைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். 'எரியும் பனிக்காடு' கொடுத்தேன். பி.எச். டேனியல் என்கிற மருத்துவர் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், 1969இல் வந்தது. தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்தார். பஞ்சம் பிழைக்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறுகிற கருப்பனும் வள்ளியும் முன்பணக் கடனிலும் காய்ச்சலிலும் சிக்கிச் சிதைகிற கதை. அது ஆனைமலைத் தேயிலை, நமது சேர்வராயன் மலைக் காபி. ஊர் வேறு, பயிர் வேறு. ஆனால் கூடை, தராசு, கங்காணி எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை.

அவள் அதைத் தனியாகப் படிக்கவில்லை. சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு பக்கம் போவதற்குள் "நிறுத்து நிறுத்து" என்று தன் கதையை ஆரம்பித்துவிடுவாராம். அந்தக் காலத்தில் கூடை எடை என்று சொல்லி எவ்வளவு கழித்தார்கள், அட்டை கடித்த காலில் என்ன தடவினார்கள், கைக்குழந்தையை எந்த மரத்தடியில் தூளி கட்டிப் போட்டார்கள் என்று வருமாம். "எடையில கழிச்சதை எல்லாம் புஸ்தகத்துல எழுதிட்டாங்களா? நல்லா எழுதட்டும்" என்று பாட்டி சொன்னதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது, சீட்டு எழுதுகிற கையை அப்படியே நிறுத்திவிட்டேன். இப்போது பாட்டி சொல்வதை எல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த நோட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

'பொன்னியின் செல்வன்' பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2022இலும் 2023இலும் படம் வந்த பிறகு ஐந்து பாகத்தையும் செட்டாக வாங்கிப் பரிசு கொடுப்பது பெருகிவிட்டது. நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு அது பந்தியில் இலையில் பரிமாறாமல் அண்டாவையே தூக்கி முன்னால் வைப்பது. முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள். 1950 முதல் 1954வரை வாரா வாரம் கல்கி பத்திரிகையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத்தான் தமிழ்நாடு அதற்கு மயங்கியது. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போய் வந்த கையோடு கொடுத்தால் இன்னும் நல்லது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதும் அதே ஆடிப்பெருக்கு நாளில்தானே. பிள்ளைகள் அந்தப் புள்ளியில் ஒட்டிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கொடுத்தால் கொடுத்ததுதான். "படிச்சிட்டீங்களா, எங்க வரைக்கும் வந்தீங்க" என்று துரத்தக் கூடாது. கதையை முழுக்கச் சொல்லிவிடவும் கூடாது. ஒரு வரி, கூடிப்போனால் ரெண்டு வரி. பிடிக்கவில்லை என்று சொன்னால், ஏன் என்று ஆசையாகக் கேளுங்கள். அடுத்த புத்தகத்துக்கான வழி அந்தப் பதிலில்தான் இருக்கும். புத்தகம் திரும்பி வராவிட்டால் அது வேறு யார் வீட்டிலோ படிக்கப்படுகிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன், இன்னொரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு. கதை என்றாலே வேண்டாம் என்கிறாள். ஆனால் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனால் ஏரியையோ படகையோ பார்க்க மாட்டாள். மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, பட்டையில் ஊர்கிற பூச்சியை வரைந்துகொண்டிருப்பாள். கால் எத்தனை ஜோடி, கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று துல்லியமாக வரைகிறாள். காடு, விலங்கு, சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிற தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' கட்டுரைத் தொகுப்பை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கச் சொல்லலாம்? பூச்சிகளைப் பற்றி, படங்களோடு, பெரியவர்களுக்கு எழுதுகிற அதே மரியாதையோடு எழுதின தமிழ்ப் புத்தகம் உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள்.