எதிரிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர்கள்

அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுக்களான பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் ஜென்மப் பகையாளிகள் என்று இன்னமும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

1963 செப்டம்பர் 10, லண்டன். ஸ்டோன்ஸின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்ட்ஹாம் தெருவில் பீட்டில்ஸின் ஜான் லெனனையும் பால் மெக்கார்ட்னியையும் தற்செயலாகப் பார்க்கிறார். அடுத்த இசைத்தட்டுக்குப் பாட்டு கிடைக்கவில்லை என்று புலம்புகிறார். இருவரும் அவரோடு ஸ்டுடியோ 51 கிளப்புக்குப் போகிறார்கள். அங்கே ஸ்டோன்ஸின் ஒத்திகை. பாதி எழுதி வைத்திருந்த ‘ஐ வான்னா பி யுவர் மேன்’ பாட்டை வாசித்துக் காட்டிவிட்டு, ஓரமாக ஒதுங்கி மிச்சத்தையும் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நவம்பரில் வந்த அந்தத் தட்டு பிரிட்டனில் 12ஆம் இடம் வரை போனது. ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ் வாசித்த ஸ்லைடு கிட்டார் அதில் அப்படிச் சீறும். பீட்டில்ஸும் இதே பாட்டைப் பதிவு செய்தார்கள்; டிரம்மர் ரிங்கோ பாடிய அந்தப் பதிவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அதுவரை ஸ்டோன்ஸ் பெரும்பாலும் வாசித்தது அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை. உட்கார்ந்து எழுதினால் பாட்டு வரும் என்பதை ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாக்கரும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும் கண்ணெதிரே பார்த்தார்கள். 1965இல் அவர்களே எழுதிய ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்தது. ஸ்டோன்ஸைப் பற்றி டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் டிக் ரோவிடம் எடுத்துச் சொன்னதே பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன்தான். பீட்டில்ஸை வேண்டாம் என்று அனுப்பிய அதே டெக்கா!

சரி, பகை எங்கிருந்து வந்தது? பீட்டில்ஸின் விளம்பர வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தவர் ஓல்ட்ஹாம். பீட்டில்ஸ் நல்ல பிள்ளைகள் என்றால் ஸ்டோன்ஸ் போக்கிரிகள் என்று திட்டமிட்டுப் பரப்பினார். நிஜம் தலைகீழ். ஹாம்பர்க் மதுக்கூடங்களில் தோல் சட்டையோடு இரவெல்லாம் வாசித்தவர்கள் லிவர்பூல் துறைமுகத்துப் பையன்களான பீட்டில்ஸ். அவர்களுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டது மேலாளர் எப்ஸ்டீன். ஜாக்கரோ லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்த வாத்தியார் வீட்டுப் பிள்ளை.

ஒருவர் தட்டு இன்னொருவர் தட்டோடு மோதாதபடி பேசி வைத்துக்கொண்டு வெளியிட்டவர்கள் இவர்கள். 1967இல் ஸ்டோன்ஸின் ‘வி லவ் யூ’வில் பின்குரல் கொடுத்தவர்கள் லெனனும் மெக்கார்ட்னியும்.

நாங்கள் செய்ததைத்தான் சில மாதம் கழித்து அவர்கள் செய்கிறார்கள் என்று லெனன் 1970இல் கொதித்தார். பாதிதான் நியாயம். 1965இல் வந்த பீட்டில்ஸின் ‘நார்வேஜியன் வுட்’டில் சிதார் மெல்லிசையோடு இழைந்து போகும். அடுத்த ஆண்டு வந்த ஸ்டோன்ஸின் ‘பெயின்ட் இட் பிளாக்’கில் அதே சிதார் மேளத்தோடு சேர்ந்து விரட்டும். இதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பம் வந்த 1967லேயே, டிசம்பரில் ஸ்டோன்ஸ் கொண்டுவந்த ‘சாத்தானிக் மெஜஸ்டீஸ்’ ஆல்பம் அப்பட்டமான போலி, அட்டைப்படம் உட்பட. அப்புறம் 1968இல் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் இசைக்கே திரும்பி ‘பெகர்ஸ் பாங்க்வெட்’ ஆல்பம் போட்டார்களே, அந்த ஸ்டோன்ஸ்தான் எனக்கு ஸ்டோன்ஸ்.