நெல்லை மட்டும் அளந்து சொல்லும் கணக்கு

கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "காவிரி டெல்டாவுக்கு என்ன குறை, அந்த வருடம்தானே நல்ல விளைச்சல்" என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்கிறேன். அதில் பொய்யில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, உரிய நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது 2020இல்தான். வேளாண் பணிகளுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கும் இருந்தது. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பருவத்தில் அரசு கொள்முதல் செய்த நெல் 30 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் இது நிலம் வைத்திருப்பவர்களின் கணக்கு. நீடாமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில் நிலமில்லாத வீடுகளே அதிகம்.

அந்த வீடுகளில் பலவும் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்தும், சென்னையின் கட்டட வேலையிலிருந்தும், சிங்கப்பூர், துபாயிலிருந்தும் வரும் பணத்தில் ஓடிக்கொண்டிருந்தவை. 2020 மார்ச் கடைசியில் அந்த வரவு ஒரே வாரத்தில் நின்றது. திரும்பி வந்த பிள்ளைகள் குறுவை நெல் நடவுக்கு இறங்கினார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்துப் பழகிய ஒருவன், நாற்றங்காலில் பறித்த நாற்றை முடியாக, அதாவது சிறு கட்டாக, கட்டத் தெரியாமல் கைவிரல் வெடித்து நின்றதைப் பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை என்று வருடா வருடம் புலம்பும் எங்களுக்கு அந்த வருடம் ஆள் மிகுதி, அதனால் கூலியும் ஏறவில்லை. எங்களுக்கும் மூன்று ஏக்கர் இருப்பதால் அப்போது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ரேஷன் அரிசி தட்டில்லாமல் வந்தது. எங்கள் தெருவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அந்த நன்றியை மறைக்கக் கூடாது. ஆனால் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கியிருந்த குழுக் கடனை அரிசியால் அடைக்க முடியாது. 2020 மார்ச் முதல் மூன்று மாதங்களுக்கும், பின்னர் ஆகஸ்ட் 31 வரையும் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது, கடன் தள்ளுபடி ஆகிவிட்டதாகவே எங்கள் பெண்கள் புரிந்துகொண்டார்கள். தவணைதான் நிற்கும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் அவர்களிடம் விளக்கவில்லை. ஜூன் மாதமே வசூலுக்கு வந்த இளைஞரிடம், "டிவியில கட்ட வேண்டாம்னு சொன்னாங்களே தம்பி" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். "அது உங்களுக்கு இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். பணம் வரும்வரை எழுந்திருக்கவில்லை. தோடு அடகுக் கடைக்குப் போனது. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்ந்த அக்காவிடம் இன்று மூன்று தவணை அட்டைகள் இருக்கின்றன.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மே மாத இரண்டாம் அலையில் எங்கள் ஊரிலும் சாவு விழுந்தது. காய்ச்சல் கண்டவர்கள் பரிசோதனைக்குப் போகத் தயங்கியது அறியாமையால் மட்டுமல்ல. முந்தைய ஆண்டு தொற்று வந்த ஒரு வீட்டுக்கு முன் தகரம் அடித்து அடைத்த பிறகு, அந்த வீட்டுக்குப் பால்காரர் வருவதை நிறுத்தியதை ஊரே பார்த்திருந்தது.

எனக்கு ஆறாமல் இருப்பது அந்த அக்காவின் மகன் விஷயம். 2020-21 கல்வியாண்டில் அவன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பெரும்பாலும் மூடியே கிடந்தது, வீட்டில் இருந்த ஒரே போனுக்கு ரீசார்ஜ் இல்லை, கல்வித் தொலைக்காட்சியை இரண்டு வாரம் பார்த்தான். தை மாதம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுப்பு மிஷினோடு உதவியாளாகப் போய்விட்டான். 9, 10, 11ஆம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்பு 2021 பிப்ரவரியில் வந்தபோது, அவன் ஏதோ ஓர் ஊரில் மிஷினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்திருப்பான். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் இருமுறை வீடு தேடி வந்தார். அக்காவால் தலைகுனிந்து நிற்கத்தான் முடிந்தது.

இப்போது அவனே மிஷின் ஓட்டுகிறான். சென்ற தை மாதம் எங்கள் வயலை அறுத்ததும் அவன்தான். அறுத்து முடித்த பின், மணிக்கணக்கு எழுதிய சீட்டை என்னிடம் நீட்டி, "எவ்வளவு ஆச்சுன்னு நீங்களே கூட்டிச் சொல்லுங்க மாமா" என்றான்.