க்ரீன் கார்டும் ஆறு மாசக் கணக்கும்

"ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து தலையக் காட்டிட்டுப் போனா போதும், க்ரீன் கார்டுக்கு ஒண்ணும் ஆகாது." அமெரிக்கால இருக்குற நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்றதுதான். நானும் இத நம்பித்தான் அம்மாவ ஊருக்கு அனுப்பினேன், பாட்டி படுத்த படுக்கையா கெடக்காங்க, அதனால ரெண்டு வருஷமா அஞ்சு மாசம் அங்க மூணு வாரம் இங்கன்னு அலைஞ்சாங்க. போன தடவ ஏர்போர்ட்ல தனி ரூம்ல உக்கார வச்சு, "நீங்க இங்க வாழவே இல்லையே"ன்னு சொல்லி ஐ-407 ஃபார்ம நீட்டிட்டாங்க. க்ரீன் கார்ட நானே விட்டுக் குடுக்குறேன்னு எழுதிக் குடுக்குற ஃபார்ம் அது. அம்மாக்கு அது என்னன்னே தெரியல, பேனாவ கைல எடுத்துட்டாங்க, அப்புறம் என்ன தோணுச்சோ "மகன்கிட்ட பேசாம போட மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. கடைசில எச்சரிச்சு உள்ள விட்டாங்க.

தயவுசெஞ்சு வீட்ல பெரியவங்களுக்கு இத சொல்லி வைங்க. அந்தக் கையெழுத்து கட்டாயம் கெடையாது. போடலன்னா கேஸ் இமிக்ரேஷன் ஜட்ஜ்கிட்ட போகும், அங்க இவங்க இந்த நாட்ட விட்டுட்டாங்கன்னு நிரூபிக்க வேண்டியது அரசாங்கம்தான்.

180 நாளுக்கு மேல ஒரே மூச்சா வெளில இருந்தா புதுசா வர்றவங்க மாதிரி கேள்வி வரும், ஒரு வருஷம் ஆயிட்டா வெறும் கார்ட வச்சு உள்ள வர முடியாது. ஆனா அதுக்குக் கம்மியா இருந்தா பிரச்சனையே இல்லன்னு அர்த்தம் இல்ல, உங்க வாழ்க்க எங்க இருக்குன்னுதான் பாக்குறாங்க, வீடு, வேல, முக்கியமா வரி. நான்-ரெசிடென்ட்னு, அதாவது இங்க குடியிருக்காதவங்கன்னு, வரி கட்டிருந்தா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும்.

வெளில ரொம்ப நாள் தங்கணும்னா ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு, அதாவது திரும்பி உள்ள வர்றதுக்கான அனுமதிக்கு, ஐ-131 ஃபார்ம் போடணும், அமெரிக்காவுக்குள்ள இருக்கும்போதே போடணும், அதிகபட்சம் ரெண்டு வருஷம் குடுப்பாங்க. ஆனா சிட்டிசன்ஷிப்புக்குத் தொடர்ச்சியா இங்க வாழ்ந்திருக்கணும்ங்குற கணக்குக்கு அது உதவாது, ஒரு வருஷம் வெளில இருந்தா அந்தத் தொடர்ச்சி அறுந்துடும். பெர்மிட் இல்லாம வருஷம் தாண்டிட்டா திரும்பி வர்ற க்ரீன் கார்டுக்காரங்களுக்கான எஸ்பி-1 விசாதான், நம்ம கை மீறின காரணத்தால வர முடியலன்னு தூதரகத்துல காட்டணும்.

பெத்த தாயப் பாத்துக்கப் போறவங்கள, நாட்ட விட்டுட்டுப் போனவங்களா பாக்குறது எனக்குக் கொஞ்சமும் நியாயமா படல. நோய் தேதி பாத்தா வருது?

ஐ-131 போட்டாச்சு. அடுத்த வாரம் அம்மா கைரேகை குடுக்கப் போறாங்க, அது முடிஞ்சதும்தான் டிக்கெட். பாட்டி தெனமும் போன்ல எப்ப வர்றன்னு கேக்குறாங்க.