மூடப்பட்டது பிபிஎஸ் அல்ல

"பிபிஎஸ் டிவியை டிரம்ப் இழுத்து மூடிட்டார், இனி செசமி ஸ்ட்ரீட்டும் கிடையாது" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: கோபம் நியாயம், தகவல் தப்பு. (பிபிஎஸ் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி; செசமி ஸ்ட்ரீட் அதில் வரும் குழந்தைகள் நிகழ்ச்சி.)

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் ரத்து செய்தது, அரசுப் பணத்தைப் பொது வானொலி, டிவி நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்த சிபிபி என்ற பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை. ஆகஸ்ட் 1 அன்று கடையைக் கட்டப்போவதாக அறிவித்ததும் அந்தக் கழகம்தான். பிபிஎஸ் வேறு அமைப்பு. அதன் வருமானத்தில் அரசுப் பணம் ஏறத்தாழ 15 சதவீதமாகத்தான் இருந்தது. மீதி, அதன் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் உறுப்பு நிலையங்கள் கட்டும் தொகை, நன்கொடை, விளம்பரதாரர் ஆதரவு என்று வருவது. (நன்கொடை கேட்டு நிகழ்ச்சியை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்களே, அப்போதெல்லாம் ரிமோட்டைத் தேடிய ஆள்தான் நானும்.)

செசமி ஸ்ட்ரீட்டைத் தயாரிப்பது தனியொரு லாபநோக்கற்ற நிறுவனம். நெட்ஃபிளிக்ஸோடு அது மே மாதமே ஒப்பந்தம் போட்டுவிட்டது. புது எபிசோடுகள் பிபிஎஸ் கிட்ஸிலும் வரும்.

அதற்காக "15 சதவீதம்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. சிபிபி கொடுத்த பணத்தில் பெரும்பங்கு போனது உள்ளூர் நிலையங்களுக்கு. அலாஸ்கா மாதிரி இடங்களில் சில சிறு நிலையங்களின் வரவில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருந்தது. அடி விழுந்தது அங்கேதான்.