திரைச்சீலை மாட்டப் போனவர்

'இவான் இலியிச்சின் மரணம்' என்று பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராகக் கடைசிப் பக்கத்து வெளிச்சத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இருட்டு போனது, ஒளி வந்தது, சுபம். என்னைக் கேட்டால், ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட இந்தக் குறுநாவலின் உயிர் ஒரு ஜன்னல் திரைச்சீலையில் இருக்கிறது.

நீதித்துறை அதிகாரி இவான் இலியிச்சுக்கு ஆசைப்பட்ட வேலை கிடைக்கிறது. சம்பளம் 5,000 ரூபிள், குடிமாறும் செலவுக்கு 3,500. குடும்பம் வருவதற்கு முன்பே புது வீட்டைத் தானே நின்று அலங்கரிக்கிறார். கோர்ட்டில் விசாரணை நடக்கும்போதுகூட, திரைக்கு மேல் வரும் சட்டம் நேராக இருக்கலாமா வளைவாக இருக்கலாமா என்று யோசனை. ஏணியில் ஏறி, திரை எப்படித் தொங்கவேண்டும் என்று வேலையாளுக்குக் காட்டும்போது கால் வழுக்குகிறது. திடமான ஆள், விழாமல் பிடித்துக்கொள்கிறார். ஜன்னல் குமிழில் விலாப்புறம் இடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு டீ குடித்துக்கொண்டே வீட்டில் அதைச் சிரிப்பாகச் சொல்கிறார்: வேறு ஒருத்தனாக இருந்தால் செத்தே போயிருப்பான்!

அந்த இடிதான் நோயானதா? சிறுநீரகம் இடம் நகர்ந்ததா, குடல் கோளாறா என்றே டாக்டர்கள் விவாதிக்கிறார்கள். பிழைப்பேனா மாட்டேனா என்ற கேள்வி அவர்களைப் பொறுத்தவரை பொருத்தமில்லாத கேள்வி. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களிடம் இவர் காட்டிய அதே கண்ணியமான முகத்தை டாக்டர் இவரிடம் காட்டுகிறார். ஒரு கோட்டையைத் தாக்கப்போய் உயிரை விடுவதுபோல இந்தத் திரைக்காக விட்டேனே என்று பின்னால் அவரே நினைத்துக்கொள்கிறார். அந்த வரியில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

தர்க்கப் பாடப்புத்தகத்தில் படித்தது இவான் இலியிச்சுக்கு ஞாபகம் வருகிறது: கயஸ் மனிதன், மனிதர்கள் இறப்பவர்கள், ஆகவே கயஸ் இறப்பவன். கயஸ் சாகட்டும், சரிதான். ஆனால் அம்மா அப்பாவோடு இருந்த சின்ன வான்யா (இவானின் செல்லப்பெயர்) எப்படிச் சாவான்? வான்யாவுக்குப் பிடித்த வரிபோட்ட தோல் பந்தின் வாசனை கயஸுக்குத் தெரியுமா? மரணத்தைப் பற்றிய ஆயிரம் தத்துவத்தை அந்தப் பந்து ஒன்றே உதைத்துத் தள்ளிவிடுகிறது.

ரஷ்ய மொழியில் வலி, மரணம் இரண்டுமே பெண்பால். அதனால் 'அவள்' என்று பொருள்படும் ஒரே சொல்லால் டால்ஸ்டாய் இரண்டையும் குறித்துவிடுகிறார். ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பவர் முன்னால் வந்து நின்று உற்றுப் பார்ப்பது வலியா, சாவா? தமிழின் 'அது' இந்த மயக்கத்தைத் தாங்கும். ஒரு பெண் வந்து எதிரே நிற்கும் திகில் மட்டும் போய்விடும். முடிவில் இன்னொரு சிக்கல். 'ப்ரஸ்தீ' (மன்னித்துவிடு) என்று சொல்ல வாயெடுத்தவருக்கு நாக்கு குழறி 'ப்ரபுஸ்தீ' (வழிவிடு) என்று வருகிறது. ஆங்கிலம் வழியாகப் பெயர்ப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். நமக்கோ இரண்டு சொல்லிலும் 'விடு' உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

சரி, அந்த வெளிச்சம்? அது தத்துவத்திலிருந்து வரவில்லை. வேலைக்கார இளைஞன் கெராசிம் இரவு முழுக்க எஜமானின் கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறானே, அங்கிருந்து வருகிறது. எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே, இந்தச் சிரமம் ஒரு சிரமமா என்கிறான். அந்த வீட்டில் பொய் சொல்லாத, வளர்ந்த ஒரே ஆள் அவன்தான். பிறகு, பள்ளிக்கூடத்துப் பையனான மகன் அப்பாவின் கையை உதட்டில் ஒற்றி அழுகிறான். தோளும் உதடும்தான் விடை.

இருந்தும், கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுவது கொஞ்சம் அவசரம் என்றே எனக்குப் படுகிறது. இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889இல் எழுதிய 'சலிப்பூட்டும் கதை'யில் சாகப்போகும் 62 வயதுப் பேராசிரியரிடம், அவர் வளர்த்த காத்யா, நான் என்ன செய்யட்டும் என்று கதறுகிறாள். எனக்குத் தெரியாது காத்யா, வா சாப்பிடலாம் என்கிறார். செகாவ் டாக்டர், இல்லாத மருந்தை எழுதிக்கொடுக்க மாட்டார். இன்னொரு மனத்தாங்கலும் உண்டு: மனைவி பிரஸ்கோவ்யாவை டால்ஸ்டாய் கடைசிவரை புருஷன் கண்ணால்தான் பார்க்கிறார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவளும்தான். அது ஓரிரு வரியில் போய்விடுகிறது.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடாமல் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். செத்தவரின் காலியிடம் யாருக்கு என்று கணக்குப் போட்ட நண்பர் பியோத்தர் இவானோவிச் துக்கம் கேட்க வருகிறார். ஸ்பிரிங் கெட்ட குட்டை இருக்கை அவரைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மனைவி அழுகைக்கு நடுவே அரசாங்கத்திடம் இன்னும் கொஞ்சம் பணம் பெயருமா என்று விசாரிக்கிறாள். மூன்று நாள் அலறினார் என்று கேட்டதும் ஒரு நொடி குலைநடுங்குகிறது. நடந்தது அவனுக்கு, எனக்கில்லை என்று தேறிக்கொண்டு வண்டியேறுகிறார். சீட்டாட்டத்தில் முதல் சுற்று அப்போதுதான் முடிகிறது. ஐந்தாவது ஆளாக உட்காரச் சரியான நேரம்.