பாஸ்டனையும் கொஞ்சம் பாருங்கள்

பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு, ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமா?

2004-இல் போலந்து, லிதுவேனியா போன்ற நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஜெர்மனியும் பிரான்சும் அந்நாட்டுத் தொழிலாளர்களுக்குச் சில ஆண்டுகள் தடை போட்டு வைத்திருந்தன. பிரிட்டனின் டோனி பிளேர் அரசோ முதல் நாளே கதவைத் திறந்துவிட்டது. ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்று ஒரு கணக்கு வேறு! வந்ததோ லட்சக்கணக்கில். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் சின்ன ஊர். முட்டைக்கோஸ் அறுவடை, காய்கறி பேக்கிங் என்று வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். வாடகை ஏறுகிறது, டாக்டரைப் பார்க்க நாள்கணக்கில் காத்திருக்கிறோம் என்று ஊர்க்காரர்கள் புலம்பியதை லண்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் அங்கே ஓட்டுப் போட்டவர்களில் 75.6 சதவீதம் பேர் 'வெளியேறு' என்றார்கள்.

அதற்காக 'வெளியேறு' பிரசாரம் செய்த தலைவர்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஸ்லோவேனியா எல்லையில் நடந்துபோன அகதிகளின் படத்தை, பிரெக்ஸிட் பிரசாரத் தலைவர்களில் ஒருவரான நைஜல் ஃபராஜ் போஸ்டராக்கியது பச்சை விஷமம். கன்சர்வேட்டிவ் கட்சியின் பிரீத்தி படேல் தரப்போ, ஒன்றியத்தை விட்டால் கறி ஹோட்டல்களுக்குத் தெற்காசியச் சமையல்காரர்களைக் கொண்டுவரலாம் என்று ஆசை காட்டியது. 2024 ஏப்ரலில் அவர் கட்சி அரசே வேலை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 38,700 பவுண்டாக ஏற்றியது. எந்தக் கறி ஹோட்டல் அதைக் கொடுக்கும்?

இத்தனைக்கும் 2023 ஜூனுடன் முடிந்த ஆண்டில் பிரிட்டனின் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது) 9 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் இந்தியர்களும் நைஜீரியர்களும்தான் முன்வரிசை. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லையே சார்?